போகாராம் எடுத்த பாக்கு

திம்பேஸ்வர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். தோல் உரித்த பாக்கை நான்காகப் பிளந்து, வெற்றிலையோடு கால் வைத்த வெண்கலத் தட்டில் அடுக்கினார். அதில் ஒரு துண்டும் இனி அவர் வாய்க்குள் போகாது. இடது கன்னத்துப் புற்றுப்புண் வெளியே திறந்துவிட்டது. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான்; வியாழன்தோறும் அவருக்குக் கட்டு மாற்றப் போவேன்.

"யாருக்குப்பா இவ்வளவு?"

"வர்றவங்களுக்கு."

"யாரு வர்றா?"

"நீங்க வர்றீங்களேக்கா."

"நான் பாக்கு போடறதில்லைன்னு தெரிஞ்சுதானே என்னைச் சொல்றே?"

யாரும் வராத காரணம் இருவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வந்தவருக்குப் பாக்கு வைக்காமல் இருக்க முடியாது. வைத்ததை எடுக்காமல் எழவும் முடியாது. பாக்கால் கன்னம் போனவர் எதிரே உட்கார்ந்து யார் மெல்லுவார்கள்? வராமல் இருப்பது சுலபம். வேலை பார்த்த காலமெல்லாம் அவரோடு ஒரே படகு ஓட்டிய போகாராம்கூட, பக்கத்து வீட்டிலிருந்துகொண்டு, சுற்றுப்பாதையில் கடைக்குப் போகிறார்.

உப்புத் தண்ணீரில் நனைத்துப் பழைய துணியை எடுத்தேன். நாற்றத்துக்கு மாத்திரையைப் பொடித்துத் தூவினேன். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி மழைக்காலம் முழுவதும் கட்டியை அடக்கி வைத்திருந்தது. பூஜைப் பண்டிகைக்குப் பின் எடுத்த ஸ்கேனில் மறுபடி வளர்ந்திருந்தது. இனி வாராவாரம் கீமோ ஏற்றிப் பார்க்கலாம் என்றார் குவஹாத்தி டாக்டர். குணமாகாது. ஆனால் அந்த ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கீமோ நன்றாகவே பிடிக்கிறதாம். பிடித்தால் வலி குறையும், சில மாதங்கள் கிடைக்கும். முதல் தடவை கூட ஓர் ஆள் இருக்க வேண்டும். அது நாளைக்கு.

"போகலைக்கா."

"கீமோ வேண்டாமா, இல்ல தனியாப் போக முடியலையா? வேண்டாம்னா உன் இஷ்டம், வலிக்கு மருந்து நான் பாத்துக்கறேன். ஆள் இல்லைன்னா அதை வாய்விட்டுச் சொல்லு."

அவர் பாக்குவெட்டியைத் துடைத்தார். "பையன் பெங்களூர்ல. லீவு கிடையாது."

"போகாராமைக் கேட்டியா?"

"என்னைப் பாத்தாலே ஓடறான்."

"தட்டைத் தூக்கிட்டுப் போய்க் கேளு. அப்ப எப்படி ஓடுவான்?"

தட்டு வைத்துக் கேட்டதை மறுப்பவர் எங்கள் ஊரில் இல்லை; பாக்கை எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிளம்பினார். நான் வேலியருகே நின்றேன்.

போகாராம் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். திம்பேஸ்வர் அவர் முன்னால் மண்டியிட்டுத் தட்டை வைத்தார். "நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றார் குழறலாக.

"முகத்தை மூடிட்டா வர்றது? திருடன்னு நெனச்சேன்டா." போகாராம் தட்டையே பார்த்தார். "உன் எதிர்ல இதை எப்படிடா போடறது?"

"போடாதே. எடு, போதும்."

போகாராம் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி மூங்கிலைப் பிளக்கத் தொடங்கினார். திம்பேஸ்வர் தட்டோடு தனியாகத் திரும்பினார்.

மறுநாள் காலை கஞ்சி ஏற்றும் ஊசிக்குழலையும் கட்டுத் துணியையும் பையில் வைத்து அவரை முதல் பஸ்ஸில் ஏற்றினேன். பக்கத்து இடத்தில் பையை வைத்து போகாராமுக்கு இடம் பிடித்தார். பஸ் நகரும்போதுதான் போகாராம் ஏறினார். பாக்கு மென்ற உதடு சிவந்திருந்தது. திம்பேஸ்வரைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திம்பேஸ்வர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பிடித்த இடத்திலிருந்து பையை எடுக்கவில்லை.

நான் அடுத்த வீட்டுக்குக் கட்டு மாற்றப் போனேன்.