தரை துடைக்கும் இயந்திரமும் ஜெர்மன் ராக்கெட்டும்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் நூதனசாலை ஒன்றில், உலகப்போரில் இந்த நகரத்தின் மேல் விழுந்த வகை ஜெர்மன் ராக்கெட் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்; அதன் முன் நானும் மகளும் நிற்கிறோம். அவள் ராக்கெட் பொறியியல் படிக்கப் பிடிவாதமாக இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் அவளோடு பதுங்குகுழியில் கிடந்து, குண்டுக்கு வீட்டைக் கொடுத்த நான், வேண்டாமென்று சொல்லவே வந்திருக்கிறேன்.

திடீரென்று பின்னால் ஏதோ இரைகிறது. இருவரும் நிலத்தில் குப்புற விழுகிறோம்.

"எழும்புங்கோ அண்ணை, அது தரை துடைக்கிற மெசின்," என்று சிரிக்கிறார் காவலாளி. தமிழர் நிறைந்த டூட்டிங் பகுதியில் இருக்கும் நம்மவர். "நானும் முதல் கிழமை விழுந்தனான்."

வெட்கத்தை மறைக்க ராக்கெட்டைக் காட்டிக் கேட்கிறேன்: "இதைச் செய்தவங்களை பிடிச்சு மறியலிலை அடைச்சவையோ?"

"எங்கத்தை! கனபேரை அமெரிக்கா கூட்டிக்கொண்டு போய், சந்திரனுக்கு ராக்கெட் செய்விச்சது."

"இவ்வளவு சனம் செத்த பிறகுமோ?"

"வேலை தெரிஞ்ச ஆக்கள், அண்ணை."

மகள் முழங்கால் தூசியைத் தட்டுகிறாள். "கீழை கிடக்கிறவைக்கு எப்பிடியிருக்குமெண்டு எனக்குத் தெரியும், அப்பா. சனத்துக்கு மேலை விழுறதை நான் செய்யமாட்டன். ஆனால் படிப்பன்."

நானும் என் முழங்காலைத் தட்டிக்கொள்கிறேன். காவலாளி இப்போது சிரிக்கவில்லை.

மறுநாள் மழை. அவளோடு போய், அந்தப் படிப்பிலேயே சேர்த்துவிட்டு வந்தேன்.