மரப்பன்னத்துக்கு விருந்து

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். போகிறவன் ஒரு சூட்கேசும் கொஞ்சம் வெட்கமும் கொண்டுபோவான். நான் கூடுதலாக ஒரு மரப்பன்னத்தையும் கொண்டுபோனேன்.

அதற்கு முன் நுவரெலியாவில் வேலை பார்த்தேன். குளிரில் தனி அறை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்றுமேடையில் அதை வாங்கினேன். மலைக்காட்டில் மரம்போல வளரும் பெரணி வகை அது. இடுப்பளவு உயரம், கரடிக்கால் மாதிரி மயிர் மூடிய தண்டு, மேலே குடை விரித்தாற்போல ஓலைகள். கல்முனைக்கு மாற்றம் கிடைத்தது, அடுத்த மாதமே சாய்ந்தமருதில் கலியாணமும் நடந்தது. பன்னத்தை விட்டுவர மனமில்லை. சாக்கால் சுற்றி, ஒரு மரக்கறி லொறியில் கரட்டுக்கும் லீக்சுக்கும் நடுவில் இருத்திக் கொண்டுவந்தேன்.

என் மனைவியின் உம்மா, அதாவது மாமி, வாசலில் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மகன் இது, தென்னம்புள்ளையா?”

“இல்ல மாமி, மரப்பன்னம்.”

“காய்க்குமா?”

“காய்க்காது.”

“பூக்குமா?”

“அதும் இல்ல.”

“அப்ப என்னத்துக்கு?”

“சும்மா பாக்கிறதுக்கு.”

“பாக்கிறதுக்குத்தான் உங்கள எடுத்திரிக்கமே” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

ஹோலில் ஜன்னலோரமாக, வெயில் நேரே படாத மூலையில் வைத்தேன். அதற்கு உரம் போடுவது ஒரு சின்ன வேலை. முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைக்க வேண்டும். பிறகு போத்தலில் வரும் திரவ உரத்தில், போத்தலில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் வாளித் தண்ணீரில் கரைத்து, தண்டைச் சுற்றி மண்ணில் ஊற்ற வேண்டும். நடுக்குருத்தில் படக்கூடாது. மாதத்துக்கு ஒரு தரம் போதும். பன்னத்தின் வேர் மெல்லியது, கூடக் கொடுத்தால் கருகிவிடும்.

முதல் தடவை நான் இதைச் செய்தபோது மாமா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாமா, அதாவது மனைவியின் வாப்பா, நெல் விவசாயி. விடிந்தால் வட்டைக்குப் போய், வயலில் நின்றுவிட்டு மத்தியானம்தான் வருவார். போத்தல் மூடியில் நான் உரம் அளந்ததை, ஒருவன் ஊசியால் கிணறு தோண்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இதுவா மகன் உரம்? கொசுவுக்கு ஊத்தினாலும் பத்தாதே.”

“கூடப் போட்டாக் கருகிரும் மாமா.”

“ம்” என்றார். அந்த ‘ம்’முக்குச் சரி என்று அர்த்தமில்லை என்பது புது மாப்பிள்ளையான எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் எனக்கும் உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் இடியப்பமும் பாற்சொதியும், அதன் மேல் முட்டை. மத்தியானம் அலுவலகத்துக்கே அடுக்குச்சட்டியில் சோறு வரும். இரவில் பிட்டும் மாட்டிறைச்சி ஆணமும், முடிவில் வட்டிலப்பம். ‘போதும்’ என்ற சொல் அந்த வீட்டில் யாருக்கும் விளங்காது. போதும் என்றால் ஆணம் சரியில்லையா என்று மாமி முகம் வாடுவார். அந்த முகத்துக்குப் பயந்து இன்னும் ஒரு அகப்பை வாங்குவேன். மனைவியின் பெரியம்மாமார், சின்னம்மாமார் வீட்டு விருந்துகள் தனி. கலியாண உடுப்பில் ஒன்றுகூட இப்போது பூட்டுப்படவில்லை.

பன்னத்துக்கு ஓலை நுனிகள் பழுப்பாகின. கடற்காற்றின் உப்பு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். பழுப்பு ஓரமெல்லாம் ஏறியது. மின்விசிறியின் காற்று என்று நினைத்து அதைத் திருப்பி வைத்தேன். வீட்டில் இருந்தவர்களுக்கு வேர்த்ததுதான் மிச்சம். பிறகு எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் பூனைகள் வந்தன. பக்கத்து வீட்டுப் பூனைகளும் பூச்சாடியைச் சுற்றி ஏதோ கூட்டத்துக்கு வந்தவைபோல உட்கார்ந்திருந்தன. ஹோலில் ஒரு வாடை இருந்தது. புது மாப்பிள்ளை எந்த வாயால் மாமியார் வீடு நாறுகிறது என்று சொல்வது? மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் அலுவலகத்தில் நெஞ்செரிச்சல் தாங்கமுடியாமல் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஹோலில் மாமி ஒரு சட்டியைச் சரித்துப் பன்னத்துக்கு எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டியில் செதில் மிதந்தது. பூனைகள் மரியாதையாகக் காத்திருந்தன.

“என்ன மாமி அது?”

“மீன் கழுவின தண்ணி மகன். முருங்கைக்கு ஊத்திறதுதானே. முருங்க எப்பிடி நிக்கிது பாத்தீங்களா?”

“எவ்வளவு காலமா ஊத்திறீங்க?”

“மீன் வாற நாளெல்லாம் ஊத்திறன்.”

சாய்ந்தமருதில் கடல் கொந்தளித்தால் தவிர மீன் வராத நாள் கிடையாது. நான் பூச்சாடியின் பக்கத்தில் குந்தினேன். எங்கள் பேச்சுக் கேட்டு மனைவி வந்தாள். மண்ணைக் கிளறிக் காட்டி, இந்த எறும்பும் மீனுக்குத்தான் வந்ததா என்று கேட்டேன். அவள் உம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“நான் தேத்தண்ணி மிச்சம் மட்டும்தான் ஊத்தின. மலையில இரிந்து வந்ததுதானே, தேயில மணம் பட்டா சந்தோசப்படும் எண்டு நெனச்சன்.”

“சீனி போட்ட தேத்தண்ணியா?”

“வாப்பா குடிச்ச மிச்சம். அவர் சீனி கூடப் போடுற.”

அந்த நேரம் பார்த்து மாமா வட்டையிலிருந்து வந்தார். கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவர், நாங்கள் மூன்று பேரும் பூச்சாடியைச் சுற்றி நிற்பதைக் கண்டதும் தானாகவே சொன்னார்.

“ரெண்டு பிடி யூரியாதான் போட்டன். பிஸ்மி சொல்லித்தான் போட்டன்.”

“எப்ப மாமா?”

“வயலுக்கு எறியிற நேரமெல்லாம். இதுக்கும் பசிக்கும்தானே. வட்டைக்கே பத்தாத உரம் மகன், வெளியாளுக்கு நான் ஒரு பிடி குடுக்கமாட்டன்.”

இதற்கு நான் எப்படிக் கோபப்படுவது? உரத்துக்கு ஊரே அலைந்த காலம் அது. மூடையை அறைக்குள் வைத்து மாமா நகை மாதிரிக் காவல் காத்தார். அதிலிருந்து எடுத்து, நெல்லும் தராத தேங்காயும் தராத ஒன்றுக்குப் போட்டிருக்கிறார். அந்த வீட்டில் மரியாதை காட்டுவதற்கு இருந்த ஒரே வழி ஊட்டுவதுதான். மூன்று பேரும் மற்றவருக்குத் தெரியாமல் ஊட்டியிருக்கிறார்கள். மண்ணின் மேல் உரத்தின் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது.

“உப்புப் பத்தித்து மாமா” என்றேன், அந்த வெள்ளையைக் காட்டி.

மாமா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. கடலோர வயல்காரருக்கு வேறு எதைச் சொன்னாலும் விளங்காமல் போகலாம். உப்பு என்றால் விளங்கும்.

“முதலே சொல்லிரிக்கலாமே மகன். உப்பெண்டா தண்ணி கட்டிக் கழுவித்தான் எடுக்கணும். தூக்குங்க.”

இருவருமாகப் பூச்சாடியைப் பின்னால் குளியலறைக்கு இழுத்துப் போனோம். மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தார். அடியிலிருந்து முதலில் கறுப்பாகவும் பிறகு தேத்தண்ணி நிறத்திலும் தண்ணீர் ஓடியது. அந்த வாடையை இங்கே எழுதாமல் விடுவதே நாகரிகம். செதில் வந்தது. ஒரு சூடை மீனின் தலை முழுசாக வந்து எங்கள் காலடியில் கிடந்து எங்களைப் பார்த்தது. மாமி வாசலில் நின்று, “அது பூனை போட்டது” என்றார். தண்ணீர் தெளியும்வரை மாமா குழாயை விடவில்லை. நடுவில் எனக்கு நெஞ்செரிச்சல் கூடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே என்னையும் கல்முனையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனார்கள். மாமியும் உள்ளே வந்தார். டொக்டர் என் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, “புதுசாக் கலியாணம் முடிச்சிரிக்கீங்களா?” என்று கேட்டார். வயிற்றை அமத்தி அதைக் கண்டுபிடிக்கும் டொக்டர்மார் எங்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள். இரவில் அரை வயிறு, இறைச்சி கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்றார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மாமி, “ஊராக்கள் என்ன சொல்லுவாங்க மகன், மாப்பிளைக்குச் சோறு குடுக்கிறல்ல எண்டு கதைப்பாங்களே” என்றார். அவருடைய கவலை உண்மையானது. நான் மெலிந்தால் அது அவர் குசினியின் மானம்.

பன்னத்தின் கருகிய ஓலைகளை எல்லாம் வெட்டிவிட்டேன். மிஞ்சியது மயிர் மூடிய ஒரு கட்டை. அதைக் குளியலறையிலேயே விட்டேன். ஈரமும் நிழலும் ஜன்னல் வெளிச்சமும் அங்கே இருந்தன. தண்டுக்குத் தண்ணீர் தெளிப்பதோடு சரி, உரம் இல்லை. கைகழுவப் போன விருந்தாளிகள் திரும்பி வந்து அது என்ன என்று கேட்டால், “அது பத்தியத்தில இரிக்கி” என்பார் மாமி. அடுத்த மூச்சில் என்னைக் காட்டி, “இவரும்தான்” என்பார்.

வாரங்கள் போயின. எனக்கு உயிர் வந்தது, பன்னத்துக்கு வரவில்லை. எறிந்துவிடலாமா என்று நானே ஒரு நாள் கேட்டேன். மாமி விடவில்லை. “கிடக்கட்டும் மகன், நாமதானே குடுத்துக் கெடுத்த” என்றார். அதற்குப் பிறகு தினமும் அதன் தலையைத் தடவிப் பார்த்திருக்கிறார். இதை மனைவி பின்னர்தான் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து மாமியின் குரல் கேட்டது. ஓடினோம். கட்டையின் நடுவில் ஒரு சுருள் எழும்பியிருந்தது. பழுப்பு மயிரோடு, உள்ளுக்குள் மடிந்து, குரங்கு வால் மாதிரி.

“இது நல்லதா கெட்டதா?” என்று மாமி கேட்டார்.

“நல்லது மாமி. இதுதான் புது ஓலை.”

“அல்ஹம்துலில்லாஹ். வடிவில்ல, ஆனா உசிரு இரிக்கி.”

இப்போது பன்னம் குளியலறையில் பாதியைப் பிடித்துவிட்டது. உரம் நான் மட்டும்தான் போடுகிறேன். மாமா பக்கத்தில் நின்று, நான் மூடியில் அளப்பதைப் பெருமூச்சோடு பார்ப்பார். சவுக்காரத் தண்ணீர் அதற்குக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் எதிர் மூலைக்கு ஒதுங்கிக் குளிக்கிறோம். மாமா மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாரனை இறுக்கிக் கட்டிக் குளிக்கிறார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, ஆள் ஒருவர் நின்று பார்ப்பதுபோலக் கூச்சமாக இருக்கிறது என்றாராம். அப்படியென்றால் வெளியில் எடுத்து வைப்போமா என்று அவள் கேட்டிருக்கிறாள். வேண்டாம், வெயில் சுடும், அது நிற்கட்டும் என்றிருக்கிறார்.