மஞ்சள் பூசிய முந்நூற்றுப் பன்னிரண்டு கார்டுகள்

நைஜீரியாவில் அவரை முன்னோடி என்கிறார்கள். அந்த நாட்டு அலுவலகங்களுக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனவர்களில் ஒருவர், ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு ரூம் பிடித்துச் சொந்தக் கம்பெனி தொடங்கியவர், ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் என்றெல்லாம் அங்கே பத்திரிகையில் வருகிறது. எல்லாம் சரி. எனக்கு அவர் திருநகரில் எங்கள் வீட்டு மாடி ரூமில் மூன்று வருஷம் குடியிருந்த ஆள். குளித்தால் குழாயை மூட மாட்டார். மேல்தொட்டி காலியானதும் கீழே நின்று கத்தியவள் நான். அவர் போய்க் குடிநீர் வாரியத்துக்குப் புரோகிராம் எழுதினார் என்று கேள்விப்பட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன்.

எழுபதுகளின் பின்பாதியில் அவர் மதுரைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் கணக்கில் மேல்படிப்பு, அதிலும் கம்ப்யூட்டர். அவருடைய அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து அனுப்பியிருந்தது. ஆறு மாதம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, சத்தம் தாங்கவில்லை என்று ரூம் தேடி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அப்பாவுக்குத் திருமங்கலத்தில் உரக்கடை. உரம் வாங்க வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார். அன்று கதவைத் திறந்ததும் வாயடைத்து நின்றார். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு, வெளிநாட்டு ஆள், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று அவர் மனத்தில் ஓடியது எல்லாம் நெற்றியில் தெரிந்தது. வந்தவர் கைகூப்பி, ஹாஸ்டல் பையன்கள் சொல்லிக்கொடுத்த தமிழில், "வணக்கம் மாமா" என்றார்.

எங்கள் பக்கம் ஒருத்தியின் அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளும் முறை உண்டு. அந்தப் பையன்கள் வேண்டுமென்றேதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். அப்பாவின் முகம் வெளிறியது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"மாமா வேணாம்ப்பா. இவரு உனக்குச் சித்தப்பா. நான் சித்தி. அந்தா நிக்கிறாளே, அவ உனக்குத் தங்கச்சி. புரியுதா? தங்கச்சி!"

"தங்கச்சி" என்று அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. முறை சரியானதும் அப்பாவும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அம்மா போட்ட முறையை எங்களைவிட அவர்தான் தீவிரமாக எடுத்துக்கொண்டார். நான் செருப்பு மாட்டினாலே மாடியிலிருந்து குரல் வரும்: "தங்கச்சி, எங்க போற?" கூடப் பிறந்த அண்ணன் இல்லையே என்று சின்ன வயதில் ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கம் ஒரே வாரத்தில் தீர்ந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் அம்மாவை முதலில் அவமானப்படுத்தினார். கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் காரம் கொஞ்சம் போதவில்லை என்றார். "என் குழம்புல காரம் பத்தலையாமே!" என்று அம்மா ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். பிறகு ஒருநாள் நாங்கள் கேப்பைக்களி தின்றுகொண்டிருந்தபோது அவர் கீழே இறங்கி வந்துவிட்டார். திருநகருக்குக் குடிவந்த பிறகு களி தின்பதை நாங்கள் வெளியே காட்டிக்கொள்வதில்லை. அம்மா சட்டியைச் சேலையால் மறைத்தாள். அவரோ தட்டைப் பார்த்துக் கண் விரிய நின்றார். அவர் ஊரிலும் இப்படித்தானாம். கிழங்கை இடித்து உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவார்களாம். அன்று மூன்று உருண்டை உள்ளே போனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் களி மரியாதையான சாப்பாடாகிவிட்டது.

அவருடைய ஆராய்ச்சிதான் பெரிய கூத்து. திருநகரிலிருந்து மதுரை டவுனுக்கு எத்தனை பஸ் விட்டால் யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஊரில் பஸ்ஸுக்காக ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். இங்கே கற்றுக்கொண்டு போய் அங்கே செய்ய நினைத்தார். அதற்காகக் காலையும் மாலையும் பஸ் ஸ்டாப்பில் நோட்டும் கடிகாரமுமாக நின்றார். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏறமுடியாமல் திட்டினார்கள் என்று எழுதிக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாளே கண்டக்டர்களுக்குள் பேச்சுப் பரவிவிட்டது, மேலிடத்திலிருந்து செக்கிங் வந்திருக்கிறது என்று. பஸ்ஸெல்லாம் டாண் டாணென்று வர ஆரம்பித்தது. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். அவருக்குத் தலைவேதனை. பஸ் ஒழுங்காக வந்தால் அவர் எதை ஆராய்ச்சி செய்வது?

கடைசியில் ஒவ்வொரு கண்டக்டரிடமும் போய்க் கெஞ்சினார். "அண்ணே, நான் செக்கிங் இல்ல. ஸ்டூடண்ட். நீங்க எப்பவும் போல லேட்டா வாங்க அண்ணே."

"அதுக்கென்ன மாப்ள, முதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார்கள் அவர்கள். மறுநாளிலிருந்து பழையபடி லேட்.

சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தாலும் அந்த ஆளுக்குள் ஒரு அவசரம் இருந்தது. அவர் ஊரில் நடந்த போரில் மூன்று வருஷம் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. கூடப் படித்தவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அதனால்தான் வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவராக இருந்தார். "இன்னொரு வருஷத்தை நான் யாருக்கும் கொடுக்க முடியாது தங்கச்சி" என்று ஒருமுறை சொன்னார். உதவித்தொகையும் அவர் இங்கிருந்த கடைசி வருஷத்தோடு முடிந்தது. அக்டோபர் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லாமல் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். அப்போது நான் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் கார்டு அடிக்கும் வேலையில் இருந்தேன், இன்னும் நிரந்தரமாகாத வேலை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக் கேட்டுவிட முடியாது. புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஒரு மெல்லிய அட்டையில் ஓட்டைகளாக அடித்து, அட்டைகளை வரிசையாக அடுக்கி மெஷினுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டினால் அது சரசரவென்று இழுத்துக்கொண்டு, கடைசியில் காகிதத்தில் பதிலைக் கக்கும். பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கு மில் இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மெஷினைக் கொடுக்கும். ஒரு மணிக்கு ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள், ஏ.சி. நின்றால் மெஷினும் நிற்க வேண்டும். அவருடைய முறை அக்டோபரில் ஒரே ஒரு ஞாயிறுதான் வந்தது. அவர் எழுதிய புரோகிராமையும் பஸ் கணக்கையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கார்டு.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. மில்லில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எங்கள் சூப்பர்வைசர் கம்ப்யூட்டருக்கே உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தார். நான் அண்ணனுடைய கார்டுப் பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பொரி கடலை வாங்கப் போன நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவும் வேலை எனக்குத்தான் வரும். என் கைராசி அப்படி என்பார்கள். இந்தக் காரியமும் நல்லபடியாக நடக்கட்டும் என்று மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு கார்டாக எடுத்து, நாலு மூலையிலும் தொட்டு வைத்தேன். ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும் கார்டு அது. வெட்டிய மூலையையும் விடவில்லை. அண்ணன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் இருந்தது. நேரில் சொல்ல வாய் வராது, கத்தத்தான் வரும். மஞ்சளாவது தடவலாமே என்று தடவினேன்.

ஞாயிறு பத்து மணிக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மில்லுக்கு வந்தார், கூட நானும் வந்தேன். பெட்டியைத் திறந்தவர் மூலைகளில் மஞ்சளைக் கண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், கார்டுகளை அடுக்கி மெஷினில் வைத்தார். முதல் கார்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது போகும்போது நறநறவென்று ஒரு சத்தம். ஈரம் குடித்த மூலைகள் காய்ந்து, உப்பி, முறுக்கிக்கொண்டிருந்தன. எடுத்து நீவி வைத்தால் அடுத்தது மாட்டியது. மெஷினின் வாயெல்லாம் மஞ்சள் தூள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். மஞ்சளைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. "யாரு பார்த்த வேலை இது? மெஷின் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? யாருன்னு எனக்கு இப்பத் தெரியணும்!"

நான் முறுக்கிய கார்டுகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் என் வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன். அவருடைய பட்டத்தை நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நான்தான் சார்" என்றார் அவர்.

"நீங்களா?"

"பூஜைக்கு. நல்லது நடக்கும்னு சொன்னாங்க. நானே வச்சேன்."

சூப்பர்வைசர் ஒருமுறை அவரையும் ஒருமுறை மஞ்சளையும் பார்த்தார். எங்கிருந்தோ வந்த ஆள் நம் சாமிக்குப் பயந்து மஞ்சள் வைத்திருக்கிறார். அவரை எப்படித் திட்டுவது? போதாக்குறைக்கு, சூப்பர்வைசர் வைத்த பொட்டு வேறு மெஷினில் ஜம்மென்று காய்ந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பக்தி வேணும்தான் சார். அதுக்காக இம்புட்டா?" என்று ஒரு துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

மணி பத்தே கால். நான் புதுக் கார்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டு பஞ்ச் மெஷினில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று மூலத்தாளைப் பிடித்துக்கொண்டார். நான் அடிக்க அடிக்க ஒவ்வொரு கார்டையும் எடுத்து வெளிச்சத்தில் காட்டிச் சரிபார்த்தார். நூறு கார்டு ஆனபோது விரல் வலித்தது. இருநூறு ஆனபோது வலி தெரியவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டாவது கார்டை நான் இழுத்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. சூப்பர்வைசர் ஏ.சி. சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையைக் கட்டியபடி வேறு எங்கோ பார்த்தார். கடிகாரத்தில் ஒரு மணி அடித்தது அவர் காதில் விழவே இல்லை.

கார்டுகள் சரசரவென்று உள்ளே போயின. பிரிண்டர் உறுமியது. காகிதம் மடிப்பு மடிப்பாக வெளியே வந்து விழுந்தது. அவர் குனிந்து படித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு பஸ்" என்றார். "திருநகருக்கு இன்னும் மூணு பஸ் வேணும்."

"இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? ஸ்டாப்புல நிக்கிற எங்களைக் கேட்டா சொல்லிருப்போம்ல?" என்றேன். அதைச் சொன்னபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நேராகச் சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "சார், மஞ்சள் தடவுனது நான்தான்."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும். நாலு மூலையிலும் அளவெடுத்த மாதிரி பொட்டுப் பொட்டா இருந்துச்சு. அது பத்திரிகைக்குத் தடவிப் பழகின கை."

"அப்ப ஏன் சார் ஒண்ணும் சொல்லலை?"

"அந்த மனுசன் படிப்பே போற நேரத்துல உனக்காகப் பொய் சொல்றாரு. அதைப் போய் நான் உடைக்கவா? போ, போய் வேலையைப் பாரு."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். மெச்சிக்கொள்வார் என்று பார்த்தால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு வருஷத்துல நான் தமிழ்ல சொன்ன ஒரே பொய் தங்கச்சி! இலக்கணம்கூடச் சரியா இருந்துச்சு! அதைப் போய்க் கெடுத்துட்டியே!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டமும் வந்தது. ஊருக்குக் கிளம்பும் முன்னால் கறுப்பு அட்டை போட்ட ஒரு பிரதியை அப்பாவிடம் கொடுத்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியர், அவருடைய அரசாங்கம், மில் எல்லோருக்கும் பிறகு கடைசியாக ஒரு வரி இருந்தது. இதிலுள்ள ஒவ்வொரு கார்டையும் எனக்காக இரண்டு முறை அடித்த என் தங்கைக்கு என்று.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு தடவையா? எம்புட்டு உழைச்சிருக்கு எம்புள்ள!" என்றார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அப்பா போய்ச் சேரும்வரை ஏன் இரண்டு தடவை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.