மூன்று கிளாஸ் ஸ்டவுட்டும் ஒரு சாட்சியும்

"சர்டிபிகேட் இருக்கா?" என்று கொழும்பு மேடம் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து வருடம் பாரில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது?

யுத்தம் முடிந்து பாதை திறந்திருந்த நேரம். காரைதீவுக் கடற்கரையில் எங்கள் கெஸ்ட் ஹவுஸ். மேடம் ஒரு சுற்றுலாக் கம்பனியின் மேனேஜர். பியர் வகைகளை ருசி பார்த்துத் திரியும் வெளிநாட்டுக்காரரை எங்களிடம் அனுப்பலாமா என்று பார்க்க வந்திருந்தார். முதலாளி என்னைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இஞ்ச பார் காசி, அவ உன்னை வேணாமெண்டா நான் படிச்ச ஆளொண்டத்தான் வைக்கணும். பிறகு என்னோட கோவிக்கப்படாது."

சுனாமி எங்கள் வீட்டைக் கொண்டுபோயிருந்தது. புது வீட்டுக்கு இன்னும் கூரை முடியவில்லை. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே சம்பளம். பயந்துபோனேன், அதை மறைக்க மாட்டேன்.

1. லேபல் போன போத்தல்கள்

நான் படித்த பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். கடல் வடிந்த பிறகு பழைய ஸ்டோரின் போத்தல்கள் மண்ணுக்குள் கிடந்தன. மூடி இறுக்கமாக இருந்தது, லேபல்தான் இல்லை. "எல்லாத்தையும் கொட்டு" என்றார் முதலாளி. விற்க முடியாதுதான். ஆனால் கொட்டுமுன் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்தேன். ஒரு மிடறு நாக்கில் வைத்துத் துப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு வகையைச் சொல்வேன், பிறகு மூடியில் இருக்கும் அடையாளத்தைப் பார்ப்பேன். முதல் நாள் பாதிக்கு மேல் பிழை.

கறுப்புப் பியரைத்தான் ஸ்டவுட் என்பது. எங்கள் மலைநாட்டில் காய்ச்சும் ஸ்டவுட்டில் கருகின கோப்பியும் கித்துள் பனையின் பாணியும் மணக்கும். வெளிநாட்டு ஸ்டவுட்டில் இனிப்புக் குறைவு, தொண்டையில் கசப்பு நிற்கும். கரண்ட் இல்லாத நாட்கள் என்பதால்தான் இவ்வளவும் தெரிந்தது. ஐஸ் குளிரில் எந்த ஸ்டவுட்டும் வாசத்தை வெளியே விடாது.

2. மேடத்தின் பரீட்சை

"ஸ்டவுட் எங்கேயிருந்து வந்தது, சொல்லுங்க பார்ப்போம்" என்று மேடம் தொடங்கினார்.

சுனாமி நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் சொன்னது கைகொடுத்தது. "லண்டன்ல மூட்டை தூக்கினாக்கள் குடிச்ச போர்ட்டர் பியர்தான் மேடம் இதுக்குத் தாய். அதில பலமானத்த ஸ்டவுட் எண்டாங்க. கப்பல்ல சூட்டு நாட்டுக்கு அனுப்பக்க இன்னும் பலமாக் காய்ச்சினாங்க. எங்கட மலைநாட்டுப் போத்தலும் அந்த வம்சந்தான்."

"கதை நல்லாத்தான் இருக்கு. நான் மூணு கிளாஸ் தாறேன். எது எது என்று சொல்லணும்."

சாட்சியாக எங்கள் சமையல்காரர் மஜீத் காக்காவைக் கூப்பிட்டார்கள். பக்கத்துச் சாய்ந்தமருது முஸ்லிம் ஆள், காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். வாழ்நாளில் ஒரு துளி தொடாதவர்.

"நான் ஊத்தவும் மாட்டன், தூக்கவும் மாட்டன்," என்றார் காக்கா. "தூர நிண்டு, எந்தக் கிளாஸுக்கு எந்தப் போத்தலெண்டு எழுதி வைக்கிறன். அவ்வளவுதான்."

காக்காவையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தார் மேடம். முதல் கிளாஸ் மலைநாடு, சந்தேகமே இல்லை. இரண்டாவது வெளிநாடு. மூன்றாவதில் கை வைத்தால் சில்லென்று குளிர். மணந்தேன், ஒன்றும் இல்லை. குடித்தேன், வெறும் கசப்பு. இப்படி ஒரு ஸ்டவுட்டை நான் கண்டதே இல்லையே!

"என்ன காசி முழுசிறாய்? சொல்லன்!" என்று முதலாளி அவசரப்பட்டார்.

கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடம் மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கிளாஸின் குளிர் விட்டது. மறுபடி மூக்கை வைத்தேன். கித்துள் பாணி!

"மேடம், இது மூணு இல்ல, ரெண்டுதான். முதலாவதும் மூணாவதும் ஒரே போத்தல். இந்தக் கிளாஸ மட்டும் ஐஸுக்குள்ள வைச்சிருக்கீங்க."

மேடம் காக்காவைத் திரும்பிப் பார்த்தார். காக்கா கடதாசியை விரித்தார். "ஒண்டும் மூணும் ஒரே போத்தல்! அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கவும் பதறிப்போனார். "தம்பிட வேலைக்குத்தான் சொன்னன், போத்தலுக்கில்ல!"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முதலாளியிடம், "இவர் இருந்தால்தான் ஆட்களை அனுப்புவேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பார் வேலைக்கு வரும் தம்பிமாருக்கு இரண்டு புத்தி சொல்கிறேன். விளங்காத கிளாஸுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள், கையில் பிடித்துக் குளிர் விடும்வரை பொறுங்கள். மற்றது, குடிக்காத கூட்டாளி ஒருவனைப் பக்கத்தில் வைத்திருங்கள். அன்று பின்நேரம் வீட்டுக்கு ஓடிப்போய், "வேலை நிலைச்சிட்டு!" என்று கத்தினேன். என் மனைவி கிட்ட வந்து என் வாயை மணந்து பார்த்துவிட்டு, "குடிச்சுப்போட்டுப் புளுகாதீங்க" என்றாள். காக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்ன பிறகுதான் நம்பினாள்.