ஃபாஸ்ட் என்றால் கெட்டி

கல்யாணமாகி விளக்குத்தூண் பக்கத்துச் சந்து வீட்டுக்கு நான் வந்தபோது, என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்கள் இருந்தன. ஒன்று பாடப் புத்தகம், மற்றது இலக்கணம். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, இதையாவது வைத்துக்கொள் என்று அப்பா கொடுத்தவை. வந்த மறுநாளே என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதெல்லாம் இங்க எதுக்கு? இங்கிலீசு படிச்ச பிள்ளைக்கு அடுப்படி ஒட்டுமா?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் கொண்டுபோய்ப் பரணில் போட்டார். போட்டது மட்டுமில்லை, ஏணியையும் எடுத்துக் கொல்லையில் சாத்தி வைத்தார். அத்தை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். சமைக்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பரணுக்குத்தான் போகும். அதில் எனக்கு இருந்த கோபத்தைக் குழம்பில் காட்டியிருக்கிறேன், உப்பாக.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, மாசி வீதியில் ஜவுளிக் கடை. முந்தின தீபாவளிக்கு ஓர் ஏஜெண்டின் பேச்சை நம்பி அரக்குச் சேலை ஒரு கட்டு வாங்கியிருக்கிறார். பண்டிகைக்கு மறுநாள் ஒரு பெண் ஈரச் சேலையை ஒரு கையிலும் அரக்கு நிறமாகிவிட்ட தன் குழந்தையை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றாளாம். வீதியே வேடிக்கை பார்த்ததாம். அதிலிருந்து ஏஜெண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே மாமாவுக்கு முகம் சுண்டிவிடும்.

நான் வந்த வருஷம் ஐப்பசி தொடக்கத்தில் வேறொரு ஏஜெண்ட் மில் சேலைக் கட்டு ஒன்றை வீட்டிலேயே இறக்கிவிட்டு, "பாத்து வைங்க, நாளைக்கு வாரேன்" என்று திண்டுக்கல்லுக்குப் போய்விட்டான். அழகான சேலைகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் தங்க எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ முத்திரை. மாமா அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் வாய்ல சொல்றத விடு. இதுல என்னத்தா போட்டுருக்கு?"

வந்த வீட்டில் முதல் தடவையாக என் படிப்புக்கு ஒரு வேலை வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கணீரென்று படித்தேன். "ஃபாஸ்ட் கலர்."

"அப்படின்னா?"

"கலர்னா நிறம் மாமா. ஃபாஸ்ட்னா வேகம்."

மாமாவின் முகம் சுண்டியது. "சாயம் வேகமா என்ன செய்யும்? ஓடுமா?"

நான் படித்த பாடத்தில் ரயில் ஃபாஸ்ட், குதிரை ஃபாஸ்ட், ஆற்று வெள்ளமும் ஃபாஸ்ட். எல்லாம் ஓடுகிற சாதி. கூடத்துக் கடிகாரத்தை நினைத்தேன். அது முந்திப் போகும். அதையும் ஃபாஸ்ட் என்றுதான் சொல்வார்கள். அதுவும் உதவவில்லை. அத்தை கதவில் சாய்ந்துகொண்டு, "கட்டத் திருப்பிக் கட்டுங்க. ஓடும்னு அவனே எழுதியில்ல குடுத்திருக்கான், நல்லவன்" என்றார்.

ஓடுகிற சாயத்தைத் தங்க எழுத்தில் எழுதி விற்க எந்தப் பைத்தியக்காரன் இருக்கிறான்? அப்படி யோசித்தபோதுதான் பள்ளிக்கூடத்துக் கதவு ஞாபகம் வந்தது. ஒரு மழை நாளில் டீச்சரம்மா இங்கிலீஷில், கதவை ஃபாஸ்டாகச் சாத்து என்றார். நான் ஓடிப்போய் ஒரே அறையாக அறைந்தேன். சாத்திய வேகத்தில் கதவு மறுபடியும் திறந்துகொண்டது. வகுப்பே சிரித்தது. வேகமாக இல்லை அம்மா, அசையாமல், இறுக்கமாக என்று டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தார். அந்த வெட்கத்தில் சொல்லும் மனதில் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இன்னொரு அர்த்தமும் இருக்கு. அசையாம நிக்கிறதுக்கும் ஃபாஸ்ட்டுதான். கெட்டியா நிக்கிற சாயம். கெட்டிச் சாயம்."

அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஓடுறதுக்கும் அதேதான், ஓடாததுக்கும் அதேதானா? நீ ஏஜெண்டுக்குத் தங்கச்சியாப் பெறந்திருக்கணும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புது மருமகள் என்பதும் மறந்துபோயிற்று.

"கெட்டிச் சட்னின்னா ஓடாத சட்னிதான அத்தை? அப்ப கெட்டிமேளம்னா என்னவாம்? மேளம் ஒறைஞ்சு போயா நிக்கிது? அம்புட்டு வேகமாவுல்ல அடிக்கிறாக. நம்ம சொல்லு மட்டும் ரெண்டு பக்கமும் போகலாமாக்கும்?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணியில போட்டாத் தெரியும்" என்றார்.

தெரிந்துவிடும் என்பதுதான் என் பயமும். நான் சொன்னது தப்பாகப் போனால் கட்டு திரும்பிப் போகும், அவ்வளவுதான் மாமாவுக்கு நஷ்டம். என் புத்தகங்கள் பரணிலேயே கிடந்து செல்லரிக்கும். இனி இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் இந்தக் கதையைச் சொல்லியே அடைத்துவிடுவார்கள்.

அத்தை அண்டாவில் தண்ணீர் வைத்தார். சவுக்காரத்தைச் சீவிப் போட்டார். புதுக் கட்டிலிருந்து அரக்குச் சேலை ஒன்றை எடுத்து முறுக்கி உள்ளே அமுக்கினார். அதோடு விட்டாரா? மாமாவின் பெட்டியிலிருந்த சலவை வேட்டியையும் எடுத்து வந்து அந்தச் சேலையோடு சேர்த்துப் போட்டார்.

"ஏய், என் வேட்டி!" என்று மாமா அலறினார்.

"ஒங்க மருமக சொல்ல நம்புறீகளா இல்லையா?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். இங்கிலீஷ் சொல்லுக்காக அவளை வேண்டியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நன்றாகக் கொதித்து அடங்கியபின் அத்தை கம்பால் வேட்டியைத் தூக்கினார். வெயிலில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். அது போட்டதைவிட வெள்ளையாக இருந்தது.

மாமா கட்டைக் கடைக்கு அனுப்பினார். சாயங்காலம் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது பரணில் ஏணி சாத்தியிருந்தது. புத்தகங்கள் இரண்டும் தூசி தட்டி என் பெட்டிமேல் கிடந்தன. அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

அந்தச் சொல் அத்தைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புளி கெட்டியாகக் கரைந்தால் ஃபாஸ்ட்டு. கயிற்றுக் கட்டில் தளராமல் இருந்தால் ஃபாஸ்ட்டு. தீபாவளிக்குச் சென்னையிலிருந்து நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவர் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பவர், நிறைய இங்கிலீஷ் படித்தவர். அவருக்குக் காபியைக் கொடுத்துக்கொண்டே அத்தை சொன்னார்:

"எம் மருமக பயங்கர ஃபாஸ்ட்டு மாப்ள."

அவருக்குப் புரை ஏறிவிட்டது. தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்து ஒருவழியாக ஆற்றினோம். அத்தை அந்தப் பக்கம் போனதும் அவர் என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. அத்தைகிட்ட அந்தச் சொல்ல வெளியில சொல்ல வேணாம்னு சொல்லு. இங்கிலீஷ்ல ஒரு பொண்ண அப்படிச் சொன்னா, நடத்தை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னு அர்த்தம்."

நான் கொல்லைக்கு ஓடிப்போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அத்தையிடம் சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே வந்தேன். அத்தை அடுப்படியில் நாத்தனாரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டிக்காரி என்பதைத்தான் அத்தை அப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். இந்த ஒரு சொல்லில்தான் அவருக்கு அது வாய்விட்டு வருகிறது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நான் பேசாமல் வடைக்கு ஆட்ட உட்கார்ந்துவிட்டேன்.

மறுவருஷம் தலைப்பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா. ராத்திரியெல்லாம் வலித்தும் குழந்தை வரவில்லை. விடிந்த பிறகு நான், இனி என்னால் முடியாது என்று அழுதேன். டாக்டரம்மா முகம் இறுகியதைப் பார்த்து அத்தை பயந்துவிட்டார். அவரிடம் இருந்த ஒரே இங்கிலீஷ் சொல்லை எடுத்தார்.

"அம்மா, எம் மருமக ஃபாஸ்ட்டு. தாங்குவா. ஃபாஸ்ட்டும்மா!"

டாக்டரம்மாவின் புருவம் மேலே போயிற்று. அந்த வலியிலும் எனக்கு மானம் போயிற்று. "கலர், டாக்டர். ஃபாஸ்ட் கலர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்த அத்தையின் கையைப் பார்த்தார். முகம் இளகிச் சிரித்தார். "எஸ்" என்றார், "வெரி ஃபாஸ்ட்."

"என்னடி சொல்றாக?" என்றார் அத்தை.

"ஆமாங்குறாக அத்தை."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் அத்தை. என் மகள் பிறந்து அழுகிறவரைக்கும் அவர் பிடியை விடவில்லை.