எதிர்க்கரையில் பேசியது

மேல்மாடி அக்கா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சர்க்கரை கேட்டு வந்தாலும் அதே குரல்தான், முழங்கால் வலி என்று குறைப்பட்டாலும் அதே குரல்தான். கீழ்வீட்டில் இருக்கும் எனக்கு அவர் வீட்டு விஷயத்தை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் அவருக்கு மைக்செட் என்று பேர். அதற்கும் சத்தமாகச் சிரிப்பார்.

நெசவாலையில் வேலை பார்த்தவர். தறிகள் ஓடும் கூடத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நாலு தறி தள்ளி நிற்பவள் தன் புருஷனைத் திட்டுவதுகூட ஒரு வார்த்தை விடாமல் புரியுமாம். வெளியே வந்தால்தான் வினை. காது மந்தமாகிவிடும், குரல் தானாக ஏறிவிடும். எதிரில் பேசுகிறவரின் வாயையே பார்க்கும் பழக்கமும் போகாது.

அவர் மகளுக்குப் பிடித்த பையன் தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரன். அதற்குள் இருக்கும் ஜப்பானியத் தோட்டம் அவன் பொறுப்பு. இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்க அவன் சொன்ன இடமும் அதுதான். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்ற இழுபறி இருக்காதாம். கெட்டிக்காரன். ஆனால் ஊரிலேயே அமைதியான இடத்துக்கு மைக்செட்டை அழைத்துப் போகலாமா?

முந்தின நாள் மகள் அம்மாவிடம் கத்தாதே என்று சொன்னாள். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே, அதையும் கத்தித்தான் சொன்னாள்.

"அங்க நீ பேசவே வேணாம்மா. சிரிச்சா போதும். அவங்க வாயையே உத்துப் பாக்காத, என்ன?"

"சரிடி."

எனக்கு அந்தப் பெண் மேல் கோபமாக வந்தது. அன்று மாலை முழுக்க மேலே சத்தமே இல்லை. வருத்தம்தான், வேறென்ன.

தோட்டத்தில் நடந்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னபோது தெருவே கேட்டது.

பையன் வெள்ளைச் சரளையில் தான் அலை அலையாக இழுத்து வைத்திருந்த கோடுகளையும், பாசி படர்ந்த கற்களையும் பெருமையாகக் காட்டினானாம். பையனின் அம்மா தையல் கடைக்காரர். எதைப் பார்த்தாலும் அக்கா பக்கம் திரும்பி, "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்துச் சிரித்தார். வாயைப் பார்க்காததால் பாதிக் கேள்வி அவர் காதில் விழவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கேட்பதை விட்டுவிட்டார். மகளுக்கு நிம்மதி.

குளத்தருகே அக்காவும் மகளும் மீன்களைப் பார்த்துப் பின்தங்கிவிட, பையன் தன் பெற்றோருடன் மரப்பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டான். அங்கே அந்த அம்மா நின்று, மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வாயைப் பார்க்கக் கூடாது என்றுதான் அக்கா நினைத்தார். கண் கேட்கவில்லை.

"பொண்ணு தங்கம்டா. ஆனா அவங்கம்மாவுக்கு நம்மளப் பிடிக்கல. முகம் கொடுத்தே பேசல. மனசில்லாதவங்க வீட்டுல போய்ப் பொண்ணு கேக்க வேணாம். இதோட விட்டுடு."

பையன் தலைகுனிந்து நின்றான். பிறகு மூவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

நம்மால்தான் மகள் வாழ்க்கை போகிறது என்று அக்கா பதறிப்போனார். பாலத்தைத் தாண்டி ஓட முழங்கால் விடாது.

"சம்பந்தியம்மா! எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என் குரல் இப்படித்தான், அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போயிடாதீங்க."

மீன்கள் அடியாழத்துக்குப் போய்விட்டன. பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். காவலாளி விசிலும் கையுமாகப் பாலத்தில் ஏறினார். மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

தையல்கார அம்மா திகைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தன்னால் முடிந்தமட்டும் கத்தினார்.

"பிடிச்சிருந்தா அங்கயே ஏன் நிக்கிறீங்க? இங்க வாங்க, உக்காந்து பேசுவோம்."

எந்தக் கரைக்கு முதலில் போவது என்று தெரியாமல் காவலாளி பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார்.