வவுனியாவில் விட்டுவந்த மின்னஞ்சல்

வங்காலைக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். அமிர்தநாயகம் அங்கே வலை இழுக்கிறவர். ஆள் நல்லவர்தான். ஆனால் அடுத்த வீட்டுக் கதை கேட்காவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது. எனக்கும் அப்படித்தான் என்று என் மனுசி சொல்லுவாள். அவளை யார் கேட்டது?

சண்டைக் காலத்தில் அவரும் நானும் இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தோம். அங்கே தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்த கிறேஸ் என்ற பிள்ளைதான் அவருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தது. பிரான்சில் இருந்த அவரது அக்கா பெற்றிசியா, எங்கள் ஊரவரின் இணையக் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார். ஒருவர் எழுதினால், சிதறிக் கிடக்கிற நம்மாட்கள் எல்லோருக்கும் போகும். ஞாயிறு பூசை முடிந்ததும் அமிர்தநாயகம் அந்தக் கடையில் இருந்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். நாங்கள் அவரது கதிரையைச் சுற்றி நிற்போம். ஜெர்மனியில் இருக்கிறவர் நோர்வேயில் இருக்கிறவரிடம், சின்ன வயதில் காணாமல் போன கிடாய்க்கு நியாயம் கேட்பார். யார் யாரைக் கூட்டிக்கொண்டு ஓடியது என்பதெல்லாம் வரும். ஊருக்குப் போகாமலே ஊரில் நின்ற மாதிரி இருக்கும். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது.

சண்டை முடிந்து ஊருக்கு விட்டார்கள். அகதியாய்த் திரிந்தவனுக்குத் தெரியும், இடம் மாறினால் பதிவும் மாற வேண்டும். நிவாரண அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் கடிதம் வேண்டும். ஆகவே மின்னஞ்சலையும் ஊருக்கு மாற்றித் தரச்சொல்லி அமிர்தநாயகம் கிராம சேவகரிடம் போய் நின்றார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதற்குத் தனக்கு அதிகாரமில்லை என்றாராம். அப்படியென்றால் வேறு யாருக்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எங்களுக்குப் பகிடி. அவருக்கு நித்திரை இல்லை. ஊரில் எங்கள் வீட்டில் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து எழுது, இருந்தால் கோயில் திருநாளுக்கு வருவேன் என்று அக்கா கடைசியாக எழுதியிருந்தார். அவருடைய தொலைபேசி எண், இடம் மாறும்போது தொலைந்த கைபேசியோடு போய்விட்டது. பதில் போகாவிட்டால் அக்கா வரமாட்டார்.

மீன்பாடு குறைந்த ஒரு நாளில் அமிர்தநாயகம் வவுனியாவுக்கு பஸ் ஏறினார். அந்தக் கடை இருந்த இடத்தில் செருப்பு விற்றார்களாம். செத்தவீட்டுக்குப் போனவர் போல் திரும்பி வந்தார்.

"அக்கா எழுதினதெல்லாம் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியோட போச்சுதடா. ஆர் கொண்டுபோய் எங்க வச்சிருக்கிறாங்களோ."

எனக்கும் விளங்கவில்லைதான். ஆனாலும் தெரிந்தவன் மாதிரி அவரை மன்னார் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு இணையக் கடையில், வேலைக்கு நின்ற பிள்ளை சொன்னபடி அவர் இரகசியச் சொல்லைத் தட்டினார். எல்லாம் அப்படியே வந்து நின்றது. அமிர்தநாயகம் எழும்பி, கொம்பியூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதை வவுனியாவில இருந்து எப்ப கொண்டந்தனீங்கள் பிள்ளை?"

"ஒருத்தரும் கொண்டரேல்லை ஐயா. நீங்கள் எங்க இருந்து திறந்தாலும் வரும்."

வாசிக்கத் தொடங்கினோம். தம்பி ஏன் எழுதவில்லை என்று அக்கா கேட்டிருந்தார். பிறகு குழுவில் கேட்டிருந்தார். குழு சும்மா விடுமா? ஒருவர் அமிர்தநாயகத்தை இந்தியாவுக்கு வள்ளம் ஏற்றியிருந்தார். இன்னொருவர் கரையில் பாம்பு கடிக்க வைத்திருந்தார். ரொபின்சன் என்பவர் கனடாவில் அவருடைய ஆத்துமத்துக்குப் பூசையும் ஒப்புக்கொடுத்துவிட்டார். கடைசியில் அக்கா எழுதியிருந்தது ஒரே வரி. தம்பி இல்லாத ஊருக்கு நான் ஏன் வாறது.

அமிர்தநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். "அக்கா, நான் சாகேல்லை. வீட்டில அரைச் சுவர் நிக்குது. வாங்கோ."

அவசரத்தில் அது அக்காவுக்கு மட்டுமில்லை, குழு முழுவதற்கும் போய்விட்டது. எழும்புவதற்குள் முதல் பதில் ரொபின்சனிடமிருந்து வந்தது, பூசைக்கு நன்றி சொல்லவில்லையே என்று. அக்காவின் பதில் அடுத்த கிழமைதான் வந்தது. "உயிரோட இருக்கிறவன் கொஞ்சம் வெள்ளன எழுதக்கூடாதோ?"

திருநாளுக்குப் பெற்றிசியா வந்தார். அரைச் சுவரில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, பக்கத்தில் அமிர்தநாயகம் போட்டிருந்த தறப்பாள் கொட்டிலுக்குள் பாயில் இருந்துகொண்டு, தம்பி செத்துப்போன கதையை ஆர் ஆர் எப்படி எழுதினார்கள் என்று எங்களுக்கு விபரமாகச் சொன்னார். சோறு ஆறியதை ஒருவரும் கவனிக்கவில்லை.